பென்சிலால் போட்ட குறி

எழுதவே கூசுகிறது. கல்யாணத்துக்கு முன்பு அமெரிக்காவில், குபெர்டினோவில் நான் வாங்கிய வீடு, நாங்கள் பிரிந்தாலும் எனக்கே என்று ஓர் ஒப்பந்தம் தயாரித்தேன். விசா, வரிப் படிவங்களைப் போலவே கையெழுத்திடும் இடத்தில் பென்சிலால் குறி போட்டு மனைவி கவிதாவிடம் நீட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கையெழுத்திட்டாள்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு இருவரும் போனபோது, எங்கள் தமிழ் வக்கீல் அவளிடமே கேட்டார்: "படிச்சீங்களாம்மா?"

"இல்ல சார். அவர் மார்க் பண்ற இடத்துல சைன் பண்ணுவேன். பத்து வருஷமா அப்படித்தான்."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "இது கோர்ட்ல நிக்காது. இவங்களுக்குத் தனி வக்கீல் வைங்க."

திரும்பும் வழியில் காரிலேயே முழுவதையும் படித்தாள். "சொல்லிட்டுக் கேட்டிருந்தாலே சைன் பண்ணியிருப்பேனே" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது நான் எதிலும் குறி போடுவதில்லை. மகளின் பள்ளிச் சுற்றுலாப் படிவத்தைக்கூடக் கவிதா இரண்டு முறை படிக்கிறாள். நான் பேனாவுடன் காத்து நிற்கிறேன்.