முதலில் வந்த விருந்தாளிகள்

குருண் நகரத்துத் தொழிற்சாலைகளைத் தாண்டி, செம்பனை மரங்களுக்குள் போகும் மண் சாலையின் முடிவில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், மாடு மேயும் பந்துத் திடல், ஒரு மலாய்க்காரரின் மளிகைக் கடை. இதற்கா இவ்வளவு கர்வம் என்று கேட்பவர்கள் ஒரு வேளை இங்கே வந்து கை நனைத்துப் பார்க்கட்டும்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வந்த காரியத்தைக் கேட்க மாட்டோம். மின்சார மீட்டர் பார்க்க வருபவர்கூட தேநீர் குடித்த பிறகுதான் மீட்டர் பக்கம் போவார்.

என் மகளைப் பெண் பார்க்க அலோர்ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் ஒரு தாமானிலிருந்து, அதாவது நகரத்து வீடமைப்பிலிருந்து, வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை ஆசிரியர். மகளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. அவர் வீட்டாரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. எஸ்டேட் வீட்டைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், அலோர்ஸ்டாரில் ஏதாவது உணவகத்தில் வைத்துக்கொள் என்று என் அக்கா படித்துப் படித்துச் சொன்னாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெண் வளர்ந்த வீட்டைப் பார்க்கக் கூசுகிறவர்களுக்குப் பெண் எதற்கு? ஆனாலும் உள்ளுக்குள் பயம்தான். இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு நாற்காலிகள், எதிர்வீட்டுத் திரைச்சீலை, கோயில் கூடாரம் எல்லாம் என் வாசலுக்கு வந்து சேர்ந்தன. சொன்ன நேரத்துக்கு முன்பே ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டுப்புடவை, வேட்டி, பூ வாசம். மாப்பிள்ளையைக் காணோம். பின்னால் காரில் வருகிறார் போலும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். கேட்கும் வழக்கம்தான் இல்லையே. வடை, கேசரி, பாயசம் என்று பரிமாறினோம். அவர்களும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார்கள்.

கை கழுவி வந்த அம்மாள் ஒருவர் பரிசுப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்து, “புது வீட்டைச் சுத்திப் பாக்கலாமாங்க?” என்றார். என் மாமனார் காலத்து வீடு அது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் அடுத்த தோட்டத்தில் நடக்கும் புதுமனை புகுவிழாவுக்குப் போகிறவர்கள். கைப்பேசி வரைபடம் வழிமாற்றிவிட, கூடாரத்தைப் பார்த்ததும் இதுதான் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அம்மாள் கூனிக்குறுகிப் போனார். பரிசைத் திருப்பிக் கொடுத்து, சரியான வழியையும் சொல்லி அனுப்பினேன்.

வேன் கிளம்பியதும் அக்காவின் கைப்பேசி ஒலித்தது. மாப்பிள்ளை வீட்டார் குருண் சந்திப்புக்கு வந்துவிட்டார்களாம். எங்கள் பாத்திரங்களோ காலி.

நான் யாரையும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டிலிருந்து மீ கோரேங் என்னும் வறுத்த நூடுல்ஸ் வந்தது. கடைக்கார மலாய்க்காரர் சுடச்சுட பீசாங் கோரேங், அதுதான் வாழைப்பழப் பஜ்ஜி, கொண்டுவந்தார். யார் வீட்டுச் சுண்டலோ ஒன்று வந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறக் கிண்ணத்தில்.

வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையின் அம்மா கிண்ணங்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். வாயைத் திறக்காதே என்று அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“ஒங்களுக்குச் செஞ்சத வழிமாறி வந்தவங்க சாப்ட்டுட்டாங்கம்மா. இது எங்க லைன்காரங்க அவங்கவங்க வீட்லேருந்து கொண்டாந்தது. எங்க எடம் இப்படித்தான் லா.”

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். என் மகள் கதவோரம் நிற்பது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு அவர் மகனைப் பார்த்தார். “தம்பி, நம்ம தாமான்ல பக்கத்து வீட்டுக்காரரு பேரு ஒனக்குத் தெரியுமா?”

மாப்பிள்ளை தலையை ஆட்டினார், தெரியாது என்று.

சம்பந்தம் அங்கேயே முடிவானது. அலோர்ஸ்டாரில் நல்ல கல்யாண மண்டபம் இருப்பதாக மாப்பிள்ளையின் அப்பா பேச்செடுத்தார். அந்த அம்மாள் பீசாங் கோரேங்கை மென்றபடியே திடலைக் கை காட்டினார்.

“மண்டபம் எதுக்கு? மாட்ட மட்டும் ஓட்டிட்டா, இங்கயே வச்சிக்கலாம்.”