குத்துது

அழகரின் வண்டியில் அவரைத் தவிர வேறொருவர் ஸ்பேனர் வைத்ததில்லை. கடமலைக்குண்டில் மெக்கானிக் கடை இல்லாமலா போயிற்று? எவனோ எப்போதோ ஒரு நட்டை மாற்றிப் போட்டுவிட்டானாம், அன்று பிடித்த வீம்பு. காலையில் முருங்கைத் தோட்டம், சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி. மனிதர் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. காதுதான் கொஞ்சம் அவசரக் காது.

மாதம் ஒரு சனிக்கிழமை மனைவி உமாதேவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குச்சனூர் கோயிலுக்குப் போவார். அடுப்படியிலும் தோட்டத்திலும் பேச நேரமில்லாததையெல்லாம் உமாதேவி வழிநெடுக அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார். அழகருக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நாளாகத் தெரியும்.

போன சித்திரையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து இறங்கும்போது உமாதேவி சொன்னார்: "ஏங்க, வண்டி ரொம்பக் குத்துதுங்க."

வண்டியைப் பிரித்து மேய்கிறவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் தடாலென்று இறங்கி மூக்குக் குத்துவது. பள்ளம் மேட்டின் அதிர்வை வாங்கிக்கொள்கிற முன்சாக்கின் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் அப்படித்தான் ஆகும்.

"ஸ்பிரிங் செத்துப்போச்சு. நாளைக்கே டைட் பண்ணிருவோம்," என்றார் அழகர்.

மறுநாள் எஞ்சினுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். இரண்டு சாக்கின் தலைமூடியையும் கழற்றி, பிளாஸ்டிக் குழாயில் ஒரே அளவாய் இரண்டு துண்டு அறுத்து, ஸ்பிரிங்குக்கு மேல் வைத்து அமுக்கி மூடினார். பின்பக்க ஸ்பிரிங்கையும் விட்டுவைக்கவில்லை, இறுக்கினார். கைப்பிடியை அழுத்திப் பார்த்தால் வண்டி அசையவில்லை. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த முறையும் உமாதேவி, "இன்னும் குத்தத்தாங்க செய்யிது," என்றார். குழாய்த் துண்டு நீளமானது. அதற்கடுத்த முறை சாக்குக்குள் கெட்டி ஆயில் போயிற்று. அதன்பிறகு உமாதேவி எதுவும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி கழற்ற உட்கார்ந்துவிடுவாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வழிப்பேச்சும் நின்றுபோனது. வண்டி சரியாகிவிட்டது என்று அழகர் எடுத்துக்கொண்டார். அட மனுசா.

ஐப்பசியில் ஒருநாள் தண்ணீர்க் குடத்துக்குக் குனிந்த உமாதேவியால் நிமிர முடியவில்லை. காரில் படுக்கவைத்துத்தான் தேனிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா எங்கே வலி என்று கேட்டதும் உமாதேவி நடு இடுப்பில் கையை வைத்தார்.

"இங்கனதாங்க. வண்டி பள்ளத்துல விழுந்து எந்திரிக்கிறப்ப ஊசி மாதிரி குத்தும். இவுககிட்டயும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். இவுகளும் பாவம், வண்டியப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தாக."

பக்கத்தில் நின்ற அழகருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் ஸ்பிரிங்கை இறுக்க இறுக்க, ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேரே உமாதேவியின் இடுப்புக்கே போயிருக்கிறது. முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, இனி இரண்டு சக்கர வண்டியே கூடாது என்று டாக்டரம்மா சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

உமாதேவி எழுந்து நடமாட மார்கழி ஆகிவிட்டது. அதற்குள் அழகர் குழாய்த் துண்டுகளை உருவி எறிந்திருந்தார். கெட்டி ஆயிலை வடித்துவிட்டு இளகின ஆயில் ஊற்றி, பின்பக்கத்தையும் தளர்த்தியிருந்தார். யாருக்காக என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. செய்யாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"உமா, செத்த வந்து உக்காரு. ஓட்ட மாட்டேன், சும்மா நிக்கிற வண்டிதான்."

அவர் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ள, உமாதேவி சுவரைப் பிடித்து மெல்ல ஏறி, வழக்கம்போல அவர் தோளில் கை வைத்தார். அழகர் முன்பிரேக்கைப் பிடித்துக் கைப்பிடியை மெல்ல அழுத்தினார். வண்டி பதமாக இறங்கி ஏறியது.

"குத்துதா?"

"இல்லீங்க. மெத்துன்னு இருக்கு. இப்பிடியே குச்சனூரு வரைக்கும் போயிரலாம் போல."

அழகர் பிரேக்கை விட்டார். "எங்கன குத்துதுன்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல," என்றார்.

உமாதேவி இறங்குவதற்குக் கையை நீட்டினார்.