வேர் முடிச்சின் நிறம்

எட்டு வயதில் நான் நான்கு பேருக்கு அறுவைச் சிகிச்சை செய்தேன். நான்கு பேருமே பிழைக்கவில்லை. ஐந்தாமவர் தப்பித்தது, நான் அவரிடம் போவதற்குள் அக்கா காலேஜிலிருந்து வந்துவிட்டதால்.

ஐவரும் பயறுச் செடிகள். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டின் பின்புறம், கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே, ஐந்து பழைய பெயின்ட் டப்பாக்களில் அக்கா அவற்றை வளர்த்து வந்தாள். அவள் அப்போது தாவரவியல் இரண்டாம் வருஷம். கரமனை ஆற்று மணலை மூன்று தண்ணீரில் அலசி, முன்பு பயறு விளைந்த இடத்து மண்ணில் ஒரு பிடி கலந்து, கடையில் வன்பயறு என்று விற்கிற சிவப்புக் காராமணியை ஊன்றியிருந்தாள். சாணம் போடக்கூடாது, அரிசி களைந்த தண்ணீர் விடக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு. ஊட்டம் கூடினால் வேரில் முடிச்சு வராதாம். அவளுக்கு வேண்டியது முடிச்சுதான். வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. அதற்கு முடிச்சோடு செடியைக் கொண்டுபோக வேண்டும். அங்கே வெட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, படம் வரைய வேண்டும்.

அந்த வாரம்தான் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அம்மாவின் அக்குளுக்குக் கீழே ஒரு கட்டி. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் உடம்பைப் பற்றிய எதையும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அப்பா "அது" என்பார், அம்மா "இது" என்பாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தேன். செவ்வாய்க்கிழமை அதை எடுத்துவிட்டார்கள். அப்பா அங்கேயே தங்கிவிட்டார். பக்கத்து வீட்டு மாமி தூக்கில் ரசம்சாதம் கொண்டுவந்து, "எடுத்தாச்சோன்னோ, இனி சாரமில்லை கேட்டியா. ஒண்ணும் பயப்பட வேண்டாம்" என்று என் தலையைத் தடவினாள். எடுத்துவிட்டால் சரியாகிவிடும். எனக்கு அந்த மருத்துவ அறிவு போதுமானதாக இருந்தது.

புதன்கிழமை காலையில், கிளம்புவதற்கு முன், அக்கா ஒரு செடியின் அடியில் மணலை விரலால் விலக்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வேர் முழுக்கக் கட்டிகள். கடுகளவில், மிளகளவில், கொத்துக் கொத்தாக.

"எத்தனை இருக்கு, பாத்தியா!" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

ஒரே ஒரு கட்டிக்கு அம்மாவைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். இத்தனை கட்டி உள்ள செடியை விட்டுவிட்டு இவள் காலேஜுக்குப் போகிறாளே!

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலையைத் தொடங்கினேன். டப்பாவைக் கவிழ்த்து, செடியை மடியில் கிடத்தி, வாளித் தண்ணீரில் வேரை அலசி, முடிச்சுகளை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். பெரியவை நசுங்கியபோது விரலில் ரோஸ் நிறம் ஒட்டியது. ரத்தம்தான், சந்தேகமில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ ஆயிடுத்து" என்று, எனக்கு ஊசி போடும்போது அம்மா சொல்வதைச் சொன்னேன். காயத்துக்கு மஞ்சள்பொடி வைத்தேன். மறுபடி நட்டுவிட்டு, தண்டில் ஒரு கீற்று விபூதியும் இட்டேன். எடுத்ததையெல்லாம் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சேர்த்துவைத்தேன். அம்மாவிடமிருந்து எடுத்ததை டாக்டர் அப்பாவுக்குக் காட்டினாராமே, அதுபோல அக்காவுக்குக் காட்ட.

அக்கா வந்தபோது நான்கு செடிகளும் தலை தொங்கிக் கிடந்தன. நான் சிரட்டையை நீட்டினேன்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் அக்கா. இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

அவள் சிரட்டையைப் பார்த்தாள். டப்பாக்களைப் பார்த்தாள்.

"அடிப் பாவி! நாளன்னிக்குப் பிராக்டிகல்டி! நான் எதைக் கொண்டுபோவேன்? உன் தலையையா?"

கையை ஓங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மாக்கும் எடுத்தாளே" என்றேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தாவணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. தேர்வை நினைத்து அழுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. ஐந்தாவது டப்பாவை இழுத்துக்கொண்டுபோய் அவள் காலடியில் வைத்து, "இதைத் தொடவே இல்லைக்கா, சத்தியமா" என்றேன்.

விளக்கேற்றிய பிறகு, சிரட்டையில் நசுங்காத ஒன்றைப் பொறுக்கி, அப்பாவின் ஷேவிங் பிளேடால் இரண்டாக வெட்டினாள். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். மிளகைவிடச் சற்றே பெரிய உருண்டை. வெளியே வெளிறிய தோல். தோலுக்கு உட்புறம் சுற்றிவர, புள்ளி புள்ளியாக, வேரோடு சேர்கிற குழாய்கள். நடுவில் முழுக்க ரோஸ்.

"அந்த ரோஸ் இருக்கற எடமெல்லாம் சின்னச் சின்ன அறை. ஒவ்வொரு அறைலயும் கிருமி நெறைஞ்சிருக்கு," என்றாள், நோட்டில் வரைந்துகொண்டே.

"கிருமியா? அப்போ சீக்குதானே!"

"இல்லைடி மண்டு. நம்ம மாடில வாடகைக்கு இருக்காளே, அவா மாதிரி. செடி எடம் குடுத்து, சக்கரையும் குடுக்கறது. பதிலுக்கு அது காத்துலேர்ந்து உரம் பண்ணிக் குடுக்கறது."

"மாடி மாமா நமக்கு ஒண்ணும் பண்ணிக் குடுக்கலையே?"

அந்த வாரத்தில் அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். "உள்ள ரோஸா இருந்தா நல்லதுன்னு அர்த்தம். ஒழுங்கா வேலை செய்யறது. ஆயுசு முடிஞ்சதுதான் பச்சையா, பழுப்பா ஆயிடும். நீ கிள்ளிப் போட்டதெல்லாம் நல்லது."

நான் சற்று யோசித்துவிட்டுக் கேட்டேன்: "அம்மாவோடது உள்ள என்ன நெறம்?"

அக்கா பிளேடைத் துடைத்தாள். துடைத்த பிளேடையே மறுபடியும் துடைத்தாள்.

"ரோஸ்தான்," என்றாள். "நல்ல ரோஸ்."

வெள்ளிக்கிழமை ஐந்தாவது செடி அக்காவோடு பஸ் ஏறித் தேர்வுக்குப் போனது. சனிக்கிழமை அம்மா வீட்டுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே வருவதற்குள் நான் ஓடிப்போய்ச் சொன்னேன்:

"அம்மா, உன்னோடது ரோஸாக்கும்! அக்கா சொன்னா. அது நல்லதாம். அதை எடுத்திருக்கவே வேண்டாம்!"

அம்மா என் தலைக்கு மேலாக அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து, தாவணி ஓரத்தில் இல்லாத நூலைப் பிரித்தாள். அப்பா திடீரென்று குடையைத் தேட ஆரம்பித்தார். வெளியே நல்ல வெயில். அம்மா என்னைக் கட்டுப் போடாத பக்கமாக இழுத்து அணைத்து, "ரோஸா? அப்போ சரி" என்றாள்.

இது எனக்கு ஏன் இப்போது நினைவுக்கு வருகிறது என்றால், போன மாதம் ஒரு காலை, பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்குப் பின்னல் போட்டபோது, அவள் கழுத்தில், காதுக்குக் கீழே, என் விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி குத்தி, உள்ளிருந்து துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். "அம்மே, டெஸ்ட் எனக்கா உனக்கா? கொஞ்சம் சும்மா இரியேன்" என்று அவள்தான் என்னைக் கேலி செய்தாள். ஊசி போட்ட அன்றைக்கு மட்டும், பஞ்சைக் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில் கேட்டாள்: "அது உள்ள எப்படிம்மா இருக்கும்?"

"ரோஸா இருக்கும்," என்றேன். யோசிக்கவே இல்லை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும்."

வியாழக்கிழமை முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை என் காதில் ஏறவில்லை. இன்னும் காலையில் சீப்பை எடுத்தால் என் விரல் தானாக அவள் காதுக்குக் கீழே போகிறது. அவள் தட்டிவிடுகிறாள்.

அன்று அம்மாவின் கட்டிக்கான சோதனை முடிவும் நல்லபடியாகத்தான் வந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பத்து நாள் கழித்து வந்தது. எடுத்தால் முடிந்தது என்று நான் சந்தோஷமாக இருந்த அந்தப் பத்து நாளும், அம்மாவின் கட்டி எங்கோ ஒரு பிளேடுக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும் காத்துக்கிடந்தது. அதன் உள்நிறம் என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பத்தொன்பது வயது அக்காவுக்கும் தெரியாது.

அந்தப் பத்து நாளும் காலையில், வலிக்காத கையால் எனக்குத் தலை வாரிவிட்டபடியே அம்மா கேட்பாள்: "அக்கா என்ன நெறம்னு சொன்னா?"

"ரோஸ்மா. எத்தனை தடவை சொல்றது!"

ஆபரேஷன் செய்ததில் எங்கள் அம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.