சூடான ஹப்பும் உப்புத் தண்ணீரும்

பேரிங் விஷயத்தில் நான் யாருக்கும் இளைத்தவனில்லை. கடலூரில் டிராக்டர் ஓட்டிய காலத்தில் என் டிரெய்லர் சக்கரத்தில் எந்த மெக்கானிக்கையும் கைவைக்க விட்டதில்லை. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்றி, அதற்குள் இருக்கும் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து உருளைகளின் இடுக்கில் நானே ஏற்றுவேன். சோற்றைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பிசைந்ததில்லை என்பாள் மனைவி.

அப்பேர்ப்பட்ட நானும் ஒரு முறை கோட்டைவிட்டேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள், குறிஞ்சிப்பாடிக்கு லோடு அடித்துவிட்டு வந்த சூட்டோடு, கழுவுவதற்காக டிரெய்லரைத் தேவனாம்பட்டினத்தில் உப்புத் தண்ணீருக்குள் இறக்கினேன். கொதித்துக்கொண்டிருந்த ஹப் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அது தெரியாமல் சக்கரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். அடுத்த மாதம் திறந்தால் கிரீஸ் மோர் நிறத்தில் இருந்தது, பேரிங் முழுக்கத் துரு. வெட்கத்தில் யாரிடமும் மூச்சுவிடாமல் புது பேரிங் போட்டேன்.

மனைவியின் தம்பி சுனாமியில் படகைப் பறிகொடுத்தவன். இரண்டு வருஷம் அடுத்தவர் படகில் போய்வந்து, பிறகு சொந்தமாக ஃபைபர் படகு வாங்கினான். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கிழக்கே இருந்த அவன் ஊர்வரை நான்தான் ஏற்றிப்போனேன். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். உப்பங்கழித் துறையை அடைந்தபோது மணி பத்தே கால். கரையெல்லாம் சேறு, டிரெய்லரையே தண்ணீருக்குள் விட்டால்தான் படகு மிதக்கும். ஹப்பைத் தொட்டேன். சுட்டது.

“என்னா மாமா, நின்னுட்டீங்க?”

“ஹப்பு சுடுது மச்சான். செத்த ஆறட்டும்.”

“பத்தர தாண்டிச்சின்னா பன்னெண்டு வரைக்கும் எறக்கக் கூடாது. அதுக்குள்ள கழியில ஏறின தண்ணி வத்திப்பூடும் மாமா.”

பேரிங்கை நான் மாற்றிக்கொள்ளலாம், அவனுடைய பத்தரையை யார் மாற்றுவது? ரிவர்ஸ் போட்டேன். சூட்டில் தண்ணீர் பட்டு ஹப் ‘சொய்ங்’ என்றது. படகு மெதுவாக எழும்பி, டிரெய்லரில் அண்டக் கொடுத்திருந்த கட்டையை விட்டு நகர்ந்தது. மச்சான் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கியது.

விருந்துக்குக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, புன்னை நிழலில் ஜாக்கி போட்டு இரண்டு ஹப்பையும் கழற்றினேன். அன்றே கழுவிப் புதுக் கிரீஸ் ஏற்றினால் பேரிங் பிழைத்துக்கொள்ளும். கையில் இலைச் சோற்றோடு மச்சான் வந்து குனிந்து பார்த்தான்.

“என்னா மாமா, மோராட்டம் இருக்கு?”

“உப்புத் தண்ணி பூந்தா இப்டித்தான் ஆவும்,” என்றேன். இந்த முறை எனக்கு வெட்கமாக இல்லை.