அந்த ஊரில் கொத்தனாரே இல்லையா

எங்கள் வீட்டில் அப்பா இரண்டே சட்டங்கள் போட்டிருந்தார். சாப்பிடும்போது யாரையும் திட்டக் கூடாது. நான் கரண்டியைத் தொடக் கூடாது. முதல் சட்டத்தை அவரே தினமும் மீறுவார். இரண்டாவதை நான் நெடுநாள் மீறவில்லை.

கரண்டி என்றால் சிமெண்ட் பூசுகிற கரண்டி. அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாள் வேலைக்குப் போவாள், தலையில் கலவைச் சட்டியைச் சுமந்து. கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அப்பாவின் சாமான்கள் ஒரு காலி சிமெண்ட் சாக்கில் கிடக்கும். அந்தச் சட்டம் வந்தபோது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஒருநாள் அந்தக் கரண்டியை எடுத்துத் தெருமண்ணைக் குழைத்துச் சுவரில் அப்பிக்கொண்டிருந்தேன். அப்பா பிடுங்கிக்கொண்டார். அடிக்கவில்லை.

"இத்த நீயும் புட்சேன்னா, நான் புட்சது வேஸ்ட்டா பூடும்டா" என்றார்.

அதற்குப் பிறகு நான் தொடவில்லை. படித்தேன். கல்லூரியில் சேரும்போது 'முதல் பட்டதாரி' என்று தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அப்பா அதை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டார். மண்ணூர்பேட்டையில் காலையில் கொத்தனார்களும் சித்தாள்களும் வேலைக்குக் கூப்பிட ஆள் வருமா என்று நிற்கிற டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு மாமா, "இன்னா மாமே, இதுல உன் பேரும் போட்டுக்கீது" என்றாராம். அப்பா அதை வீட்டில் வந்து நாலு தடவை சொன்னார்.

நாங்கள் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற குடும்பம். ஆனால் பள்ளி நாட்களில் எனக்கு மாலை டியூஷன் கிடைத்தது பக்கத்துத் தெரு சர்ச்சில்தான். டியூஷன் நின்ற பிறகும், பட்டம் வாங்கி வேலைக்காக இன்டர்வியூக்களுக்கு அலைந்த நாட்களிலும், நான் அங்கே போவதை விடவில்லை. வாலிபர் குழுவில் கேரம் இருந்தது, இங்கிலீஷ் பேசுகிறவர்கள் இருந்தார்கள், என்னை யாரும் வேறு ஆளாகப் பார்க்கவில்லை. அந்தக் குழுதான் இலங்கைக்குப் போவதாக முடிவு செய்தது. மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கிளார்க் குடியிருந்த பழைய வீடு ஒன்று வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அதைச் சரி பண்ணிக் கொடுத்தால், தோட்டத்துப் பெண் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க இடமாகும். லயம் என்கிற அவர்களுடைய வரிசை வீடுகளில் ஆளுக்கு ஒரே அறை. அதில்தான் சமையல், அதில்தான் தூக்கம். பத்து நாள் வேலை, ஒன்பது பேர் போகலாம்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒரு அண்ணன். திருநெல்வேலிக்காரர். அம்பத்தூரில் ஃபிளாட் வாங்கி ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஆளெடுக்கிற படிவத்தில் 'தெரிந்த வேலை' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"ஏல, ஒங்கப்பா கொத்தனாருதான? பெறவு என்னல யோசன?" என்று அண்ணன் படிவத்தை வாங்கி, 'கொத்து வேலை' என்று அவரே எழுதிவிட்டார்.

எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒன்பது பேரில் நான் இருந்திருக்க மாட்டேன். நான் விமானத்தை அதுவரை வீட்டு மாடியில் நின்று மட்டுமே பார்த்திருந்தேன்.

வீட்டில் வேறு மாதிரி சொன்னேன். அங்கே பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்றேன். அப்பாவுக்குச் சந்தோஷம். "எந்த சாமியா இருந்தா இன்னா, உன்ன ப்ளேன்ல இட்டுகினு போவுதுல்ல" என்றார். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கையாட்டியபோது என்னால் சரியாகத் திருப்பி ஆட்ட முடியவில்லை. சர்ச்சிடம் எனக்குத் தெரியாத ஒரு தொழிலைத் தெரியும் என்று காட்டியிருந்தேன். அப்பாவிடம் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் வகுப்பைச் சொல்லியிருந்தேன். இரண்டில் எது உடைந்தாலும் அப்பா முகத்தில் நான் முழிக்க முடியாது.

அந்த வீடு மேட்டில் இருந்தது. மூன்று அறைகள். கூரைத் தகரத்தை எங்களுக்கு முன்பே மாற்றியிருந்தார்கள். சுவர்கள்தான் எங்கள் பொறுப்பு. அந்த மாலை வகுப்பை நடத்தப்போகிற டீச்சரம்மா முதல் நாளே சொன்னார்: "திங்கக்கெழம பிள்ளைங்க வந்துருவாங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஏமாத்திப்புடாதீங்க." பிறகு அண்ணன் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "இவந்தான் எங்க மேஸ்திரி" என்றார். டீச்சரம்மா எனக்குக் கும்பிடு போட்டார்.

கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் போனில் சுவர் பூசுகிற வீடியோக்களாகப் பார்த்திருந்தேன். சின்ன வயதிலிருந்து அப்பா பேச்சில் விழுந்த வார்த்தைகளும் இருந்தன. அந்த தைரியத்தில் இரண்டு நாள் எல்லோரையும் மேய்த்தேன். மணலைச் சலிக்கச் சொன்னேன். கலவை இளகலாக இருக்கிறது என்று சும்மாவாவது ஒரு தடவை சொன்னேன். முன்னறையின் நீளச் சுவரை நானே பூசினேன். அப்பாவின் கரண்டியைப் போலவே ஒரு கரண்டி.

அந்த இரண்டு நாளும் வேலிக்கு வெளியே ஒருவர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, கையில் குடை. வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒருமுறை கையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சுவர் பார்க்க நன்றாகவே இருந்தது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். குழுவில் ஒரு அக்கா, சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர், "மேஸ்திரி, நடுவுல நில்லுங்க" என்றார். நின்றேன்.

மறுநாள் காலையில் டீ குடிக்கும் முன்பே அந்த அக்கா ஓடி வந்தார். போய்ப் பார்த்தால், பூசியதில் முக்கால்வாசி தரையில் கிடந்தது. உதிரக்கூட இல்லை. போர்வையை உருவிப் போட்டது போல ஒரே பாளமாக வழுக்கி விழுந்திருந்தது. சுவர் பழைய வெள்ளைச் சுண்ணாம்போடு, தன் மேல் யாரும் கை வைக்காத மாதிரி நின்றது.

"மேஸ்திரி, என்ன ஆச்சு?" என்று அண்ணன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நம்பிக்கையோடு கேட்டார், அதுதான் கஷ்டமாக இருந்தது. திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் போய் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா அப்போது குத்தம்பாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வேலையாக இருந்தார். போனில் அவருடைய ஒரு காது மட்டும் தெரிந்தது.

"இன்னாடா, கிளாஸ் முட்ச்சிட்டியா?"

"அப்பா, கிளாஸ் இல்லப்பா." எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், கட்டம், அண்ணன், கரண்டி, சுவர். அப்பா போனை நேராகப் பிடித்தார். முகம் தெரிந்தது. மூக்கில் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

"செவுத்தக் காட்டு."

ஜன்னல் வழியாகப் போனை நீட்டிக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பின்னால் அம்மாவின் குரல், "இன்னா அது? எங்க கீறான் அவன்?" என்றது.

"ஒம்புள்ள கலவ போட்டுகினு கீறான், ஃபாரின்ல" என்று அப்பா அவளிடம் சொன்னார். பிறகு என்னிடம், "ஏன் உய்ந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். உனக்கு நான் அத்த கத்துக் குடுக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஊர்ல கொத்தனாரே கெடையாதா?"

நான் போனை என் முகத்துக்குத் திருப்பினேன்.

"மல மேல அத்தினி ஊடு கீதுன்ற. அத்த எல்லாம் யார் கட்னது, தேவதூதனா? அங்கியும் எவனோ ஒருத்தன் கரண்டிய வெச்சிகினு வேல இல்லாம குந்திகினு இருப்பான். அவன் வேலைய ஓசில செய்யறேன்னு போய், அத்தயும் நாஸ்தி பண்ணி வெச்சிக்கீற. போ. அவனக் கூப்புடு. நீ சட்டி தூக்கு."

வீடியோ கால் கட்டாகிவிட்டது. அவர் திட்டியதற்கு நான் அழுதிருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளாகத் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது போலிருந்தது.

முன்னறைக்குப் போய் எல்லோரிடமும் சொன்னேன். எனக்குக் கொத்து வேலை தெரியாது, தெரியும் என்று நினைக்கும்படி இருந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு. "நான் பெயின்டிங் தெரியும்னு எழுதுனேன்டா. ஸ்கூல்ல வாட்டர் கலர் பண்ணியிருக்கேன், அதான்." இன்னொருவர் தச்சு வேலை என்று எழுதியிருந்தார். கடையில் வாங்கிய கட்டிலை ஒருமுறை பொருத்தியிருக்கிறாராம்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "நாந்தானல அதுல எழுதுனேன்" என்றார். "நீ எங்க எழுதுன? நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்." பிறகு என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

நாங்கள் இருவரும் டீச்சரம்மாவிடம் போய், இங்கே கொத்தனார் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டோம். அவர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தா நிக்கிறாரே, மேசன். இந்த மலையில முக்காவாசி அவரு பூசுனதுதான்."

குடையோடு நின்றவர். நான் ஓடிப்போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்தியாவுலேருந்து பெரிய மேசன்மாரு வாறாங்க, நீ வேணாம்னாங்க தம்பி. சரி, எப்புடித்தான் பூசுறாங்கன்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன். சுண்ணாம்பச் சொரண்டாம, தண்ணி அடிக்காம அப்புடியே மேல பூசுனீங்க. அங்க ஏதோ புது மொறை போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

"விழும்னு தெரியுமாண்ணே?"

"தெரியுமே."

"சொல்லியிருக்கலாமே!"

"வந்த விருந்தாளிககிட்ட எப்புடித் தம்பி சொல்றது?" என்றார். நிஜமாகவே சங்கடப்பட்டார்.

கடைசி நாள் ஊர் சுற்றிப் பார்க்க ஒதுக்கியிருந்த பணத்தை அவருடைய கூலிக்கு எடுத்துக்கொண்டோம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அன்று மத்தியானமே அவர் வீட்டிலிருந்து தன் சாமான்களைக் கொண்டுவந்தார். அவையும் ஒரு சிமெண்ட் சாக்கில்தான் இருந்தன. ஒன்பது பேரும் வரிசையாக நின்று சுவரைச் சுரண்டினோம். எத்தனையோ வருஷத்துச் சுண்ணாம்பு, ஒவ்வொரு அடுக்காக வந்தது. நீலம், மஞ்சள், மறுபடி நீலம். அவர் கலவை பிடிப்பதற்காகச் சுவரைக் கொத்திவிட்டார், தண்ணீர் அடித்தார், பூசினார். நான் கலவை சுமந்தேன்.

மறுநாள் அம்மா கூப்பிட்டாள். நான் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"அய்ய, இடுப்புல வெக்காத, இடுப்பு பூடும். தலைல வை. துண்ட சுருட்டி சும்மாடு வெச்சிக்கோ" என்றாள். வைத்தேன். "கய்த்த ஆட்டாத. ஆங், அப்டித்தான்." நான் நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் கீற" என்று சிரித்தாள்.

"அப்பா கோவமா இருக்காராம்மா?"

"யாருக்குத் தெரியும். பேச மாட்டேங்கறாரு. நீ வேலையப் பாரு, கலவ காய்ஞ்சிடப் போவுது."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பே சுவர் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை மாலை பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். சுவர் இன்னும் ஈரம். "யாரும் சாயாதீங்க" என்று டீச்சரம்மா சொல்லிக்கொண்டே இருக்க, எல்லோரும் முன்னறையின் நடுவில் ஒருவர் முதுகோடு ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார்கள். மேசன் அண்ணன் வாசலில் நின்று, விரலால் சுவரைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "நிக்கும்" என்றார். எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வா என்றார், அவ்வளவுதான். சாப்பிடும்போது என் கையைப் பார்த்தார். சிமெண்ட் அரித்து விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதே போல உரிந்த அவர் கையும் தட்டில்தான் இருந்தது. யாரையும் திட்டவில்லை, முதல் சட்டம் அன்று ஒழுங்காக நடந்தது. அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, "சொக்கா போட்டுகினு வா" என்று அப்பா கூப்பிட்டார். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தேன். அவர் மண்ணூர்பேட்டை டீக்கடையில் போய் நிறுத்தினார். வேலைக்கு ஆள் நிற்கிற அந்த இடத்துக்கு அவர் என்னை அதுவரை ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழைப் படித்துக் காட்டிய அதே மாமா பெஞ்சில் இருந்தார்.

"இன்னா நைனா, ஃபாரின் எப்டி? கம்ப்யூட்டர் கிளாஸ் எட்த்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "கிளாஸும் இல்ல, ஒண்ணியும் இல்ல மாமே. சித்தாள் வேல. ப்ளேன்ல போயி சட்டி தூக்கிட்டு வந்துக்கீறான்."

பெஞ்சே சிரித்தது. "அப்போ கூலி டபுளா?" என்றார் இன்னொருவர்.

"கூலியே கெடையாது." அப்பா டீயை ஆற்றி என் பக்கம் நகர்த்தினார். "எங்க தாத்தன் அடுத்தவன் கயனில நாத்து நட்டாரு, காசு கேட்டாரு. எங்கப்பன் கல்லு ஒட்ச்சாரு, காசு கேட்டாரு. நானும் கேட்டுகினுதான் கீறேன். நம்ம வம்சத்துலயே காசில்லாம சட்டி தூக்கனது இவன்தான் மொத ஆளு. இதுக்கும் தாலுகா ஆபீஸ்ல ஒரு பேப்பர் குடுப்பானான்னு கேக்கணும்."

மறுபடி சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். டீ சூடாக இருந்தது. உரிந்த விரல்களால் கிளாசைப் பிடிக்க முடியவில்லை. அப்பா தன் துண்டைச் சுற்றி அதைக் கொடுத்தார். ஒரு மேஸ்திரி பைக்கில் வந்து நின்று, "ரெண்டு கொத்தனாரு, நாலு சித்தாளு" என்று கத்தினார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் என்னையறியாமல் எழுந்தேன்.

"நீ குந்து" என்றார் அப்பா. "டீயக் குட்ச்சிட்டு ஊட்டுக்குப் போ. இன்டர்வியூவுக்குப் படி."