தேரடி வரை பேசிக்கொண்டு போனவர்

பேய், ஆவி, சாமியாடி சொன்ன வாக்கு என்று வருகிற செய்திகளை வெட்டிப் போடுவதுதான் பல வருடங்களாக என் வேலையாக இருந்தது. கோவையில் ஒரு நாளிதழின் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிணற்றுக்குள் அழுகுரல் கேட்டது என்று நிருபர் எழுதி அனுப்பினால், கேட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களா என்று போனில் கேட்பேன். அநேகமாக அதோடு செய்தி செத்துவிடும். ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது இரவில் நடந்ததல்ல. மதுரையில், உச்சி வெயிலில், ஆயிரம் பேர் நடமாடுகிற தெருவில் நடந்தது.

என் அண்ணன் சென்னியப்பன் பொள்ளாச்சிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாண்டியர்களின் தலைநகரத்தை வருடம் தவறாமல் கரும்பலகையில் வரைந்து காட்டுவார். நடுவில் கோயில், அதைச் சுற்றி ஒரு சதுரம், அந்தச் சதுரத்தைச் சுற்றி இன்னொரு சதுரம், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மாதத்தின் பெயர். ஆனால் ஒரு தடவைகூட அந்த ஊருக்குப் போனதில்லை. லீவில் போகலாம், ரிட்டயர் ஆகிப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. வலது கை மடங்கிக்கொண்டது, வலது கால் இழுத்துக்கொண்டது, பேச்சு முழுவதுமாகப் போயிற்று. பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணை வரவழைத்தோம். படம் காட்டிப் பார்த்தாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள். "ம்" என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் வரவில்லை. இரண்டு வருடம் நான் அந்த ஒலியை வைத்துத்தான் அவருக்குப் பசியா, தூக்கமா, வலியா என்று கண்டுபிடித்தேன். வாய் ஓயாமல் பேசிய மனிதர் அவர். ஒரு வார்த்தை, என் பெயரை மட்டுமாவது சொல்லிவிட மாட்டாரா என்று நான் ஏங்காத நாள் இல்லை.

போன பங்குனியில் அவரை மதுரைக்கு அழைத்துப் போனேன். காலை ரயிலில் இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்து, குளிப்பாட்டி, புது வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். அவருடைய பழைய சட்டைப் பையில் என் போன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கும். சட்டை மாற்றும்போது அது பழைய சட்டையிலேயே தங்கிவிட்டது. எனக்கும் நினைவில்லை.

முதலில் நாயக்கர் மகாலுக்குப் போனோம். ஒரு தூணைக் கட்டிப்பிடிப்பதுபோல் இடது கையை அதன்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கைக்குள் அடங்காத தூண் அது. புறா எச்சம் விழுந்த இடத்தைக்கூட நின்று பார்த்தார். பிறகு ஆட்டோவில் கோயில். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதால் கிழக்குக் கோபுர வாசலில் என் போனையும் எங்கள் செருப்புகளையும் ஒப்படைத்து டோக்கன் வாங்கினேன். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தவறு அங்கேதான் தொடங்குகிறது. நான்கு வாசலும் நமக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறினால் காலில் செருப்பில்லை, கையில் போன் இல்லை, ஊரும் தெரியாது.

பொற்றாமரைக் குளத்து மண்டபத்தில் அவரை உட்காரவைத்துவிட்டுக் குடிதண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் கூட்டம். திரும்பி வந்தபோது அவர் இல்லை. அருகில் இருந்தவர்களும் மாறியிருந்தார்கள். நடை சாத்துகிற நேரம். காவலர்கள் எல்லோரையும் "நகருங்க, நகருங்க" என்று வாசல்களை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பிரகாரத்தில் அங்குமிங்கும் ஓடினேன். அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டேன். அதனால் என்ன பயன்? அவரால் பதில் குரல் கொடுக்க முடியாது. கடைசியில் என்னையும் மேற்கு வாசல் வழியாகத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெளியே கல் கொதித்தது. செருப்பில்லாமல் தெற்குச் சித்திரை வீதி வழியாகக் கிழக்கு வாசலை நோக்கி ஓடினேன். ஓடும்போது எனக்கு ஒரே நினைப்புதான். அவருடைய வலது பாதத்துக்குச் சூடு தெரியாது. வெந்து கொப்பளித்தாலும் நடந்துகொண்டே இருப்பார். பெயர் கேட்டால் சொல்லமாட்டார். ஊர் கேட்டால் சொல்லமாட்டார். இந்த ஊரில் அவரைத் தெரிந்த ஒரே ஆள் நான்.

தெற்குக் கோபுரத்துக்கு எதிரே நன்னாரி சர்பத் விற்கிறவரிடம் கேட்டேன். வெள்ளைச் சட்டை, வலது காலை இழுத்து நடப்பார், பேச வராது, பார்த்தீர்களா என்றேன். இல்லையே என்றார். நான் நகர்ந்த பிறகு பின்னாலிருந்து சொன்னார்.

"கால இழுத்து நடக்கிற பெரியவரு ஒருத்தரு இங்கிட்டுத்தான் போனாரு. ஆனா நீங்க சொல்ற ஆளு இல்லண்ணே. அவரு வாயத் தொறந்தா மூடவே மாட்டேங்கிறாரு."

அப்படியானால் அது வேறு ஆள். நான் நிற்கவில்லை.

கிழக்கு வாசலில் போனையும் செருப்புகளையும் வாங்கிக்கொண்டு புறக்காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த ஏட்டு நிதானமான மனிதர். என் போனில் இருந்த அண்ணனின் போட்டோவை வாங்கி அவர்களுடைய வாட்ஸப் குழுவில் போட்டார். பேச வராதவரைப் பையில் ஒரு சீட்டுகூட வைக்காமல் கூட்டி வரலாமா என்று கேட்டார். ரயில் தண்டவாளம் பக்கம் ஓர் ஆளை அனுப்பி இருப்பதாகவும் சொன்னார். உட்காருங்க சார் என்றார். உட்காரவில்லை. வடக்குப் பக்கம் ஒரு சுற்று சுற்றினேன். பூட்டிய கடை வாசல்கள், மாடு, நிழலில் படுத்திருந்த ரிக்‌ஷாக்காரர்கள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கேட்டவர்கள் யாரும் அவரைப் பார்த்திருக்கவில்லை. வேறு வழி தெரியாமல் திரும்பவும் சர்பத் கடைக்கே வந்து போட்டோவைக் காட்டினேன்.

"அட, இவரேதான்" என்றார் அவர். "பேச வராதுன்னு சொன்னீங்க?"

என்ன பேசினார் என்று கேட்டேன்.

"இந்தத் தெருவுக்குச் சித்திரைன்னு பேரு, ஆனா சித்திரைத் தேரு மாசி வீதியில ஓடுதே, ஏன்னு தெரியுமான்னு கேட்டாரு. ஏய்யா, நான் பொறந்து வளந்ததே இங்கனக்குள்ளதான், எங்கிட்டயேவான்னேன். விடலையே மனுசன். அம்புட்டையும் சொல்லிட்டுத்தான் நகந்தாரு. கோயமுத்தூருப் பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டாரு."

ஆள் மாறாட்டம் என்றே அப்போதும் நினைத்தேன். வெயிலில் வியாபாரம் பார்க்கிறவர்களுக்கு முகங்கள் குழம்பும். ஆனாலும் அவர் கைகாட்டிய திசையில்தான் போனேன், வேறு திசை எனக்கு இல்லை.

தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக் கடை. கல்லாவில் இருந்த அம்மாள் மகளோடு சௌராஷ்டிர மொழியில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போட்டோவைப் பார்த்ததும் சண்டையை நிறுத்தினார். நான் பேச்சைப் பற்றி வேண்டுமென்றே எதுவும் சொல்லவில்லை. பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன், எந்த நிருபருக்கும் நான் சொல்லிக்கொடுத்தது போல.

அந்த அம்மாளே சொன்னார். இந்தப் பெரியவர் வாசலில் நிழலுக்கு நின்றாராம். அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இது பட்டுநூல்காரங்க பாசைங்களா, நான் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கறனுங்க, காதுல கேட்டதில்லீங்க, இன்னங் கொஞ்சம் பேசுங்க" என்றாராம். மகள் சிரித்துவிட்டாளாம். இவர்கள் முன்னோர் எந்தப் பக்கமிருந்து நடந்து வந்தார்கள், எந்த ராஜா காலத்தில் வந்தார்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனாராம்.

"எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கே அவ்வளவு தெரியாது" என்றார் அம்மாள். "வாத்தியாரோன்னு நினைச்சேன்."

நான் அந்தக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருவர். ஒருவரையொருவர் அறியாதவர்கள். செய்தி மேசையில் இதற்குமேல் நான் கேட்டதில்லை. எழுந்தபோது பயமும் ஒரு பேராசையும் சேர்ந்து வந்தன. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட வேண்டும், நின்றுவிடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று மறுபடி ஓடினேன்.

கீழமாசி வீதியில் தேரடி. பெரிய தேர் தகரத் தடுப்புக்குள் நின்றிருந்தது. அதன் நிழலில், பூக்கட்டுகிற ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில், கவிழ்த்த கூடைமேல் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வலது பாதத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தது. அந்தப் பெண்தான் சுற்றிவிட்டிருந்தாள். அடிப்பாதம் முழுக்கக் கொப்பளம்.

முன்னால் போய் மண்டியிட்டேன். "அண்ணா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ம்" என்றார்.

பூக்காரப் பெண் நாரை இழுத்து முடிச்சுப் போட்டபடி, "என்ன ஐயா, இப்பத்தான் அம்புட்டுப் பேசுனீக, தம்பி வரவும் ஊமையாயிட்டீக" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவளுடைய கை நின்றது. இரண்டு வருடமாக அவருக்குப் பேச்சில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. என்ன சொன்னார், ஒரு எழுத்துகூட விடாமல் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

தேரைக் காட்டி ஏதேதோ சொன்னாராம், அது அவளுக்கு நினைவில்லை. பிறகு களைத்துப்போய் உட்கார்ந்துகொண்டு, தன் தம்பி தெற்கிலிருந்து ஓடி வருவான் என்று சொன்னாராம். அவள் எங்கள் ஊர்ப் பேச்சை எங்கும் கற்றிருக்க வழியில்லை. ஆனால் அவள் சொல்லச் சொல்ல, அது அவருடைய குரலின் ஏற்ற இறக்கமாகவே வந்தது.

"'என்ற தம்பி வந்தா பேசு பேசும்பானுங்க. அவனுக்குன்னு ஒரே ஒரு சொல்லு மிச்சம் வெச்சிருக்கறனுங்க. அதையுஞ் சொல்லிப்போட்டா அப்பறம் நான் இருக்கோணும்னு இல்லீங்க.' இப்பிடித்தான் சொன்னாரு. ஏன் ஐயா அப்பிடிச் சொல்றீகன்னு கேட்டேன். சிரிச்சாரு."

நான் அவரைப் பார்த்தேன். அண்ணா, நீங்க பேசுனீங்களா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். பேச வராத வாய் அப்படி மூடாது. அது எப்போதும் ஓரத்தில் கொஞ்சம் திறந்துதான் இருக்கும், இரண்டு வருடமாக அந்த ஓரத்தை நான்தான் துடைத்துவிடுகிறேன். அன்றைக்கு அவர் வாய் நிறையத் தண்ணீர் வைத்திருப்பவர் போல, ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்பதுபோல மூடிக்கொண்டார். இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஊருக்கு வந்து நரம்பு மருத்துவரிடம் சொன்னேன். இந்த நோயில் பாட்டோ வசவோ திடீரென்று வாயில் வருவதுண்டு, ஆனால் வழியெல்லாம் நின்று வரலாறு சொல்வது சாத்தியமில்லை, சொன்னவர்கள் மிகைப்படுத்தியிருப்பார்கள் என்றார். மூன்று பேர் தனித்தனியாகவா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு வேறு மாத்திரை தேவையில்லை என்று மட்டும் சொன்னார்.

பாதம் ஆறிவிட்டது. அண்ணன் பழையபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பசிக்கு ஒரு "ம்", தூக்கத்துக்கு ஒரு "ம்". மதுரைக்குப் பிறகு ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சில சமயம், குறிப்பாகக் காலையில் நான் காபி டம்ளரோடு அருகில் போகும்போது, என்னை உற்றுப் பார்ப்பார். உதடு மெல்லப் பிரியும். நாக்கு மேல் அண்ணத்துக்குப் போவது தெரியும். ஏதோ ஓர் எழுத்தின் தொடக்கம்.

அவர் பேச வேண்டும் என்று நான் கும்பிடாத கோயில் இல்லை. இப்போது அந்த உதடு பிரிந்ததும் நான் சத்தமாக எதையாவது பேச ஆரம்பித்துவிடுகிறேன். மழை வரும்போலிருக்கிறது என்கிறேன், பால்காரர் வரவில்லை என்கிறேன். பேசிக்கொண்டே டம்ளரை அவர் வாயில் வைத்துவிடுகிறேன். அவர் ஒரு மடக்குக் குடிக்கிறார். குடித்துவிட்டு, காத்திருக்கலாம் என்பதுபோல என்னைப் பார்க்கிறார்.