ஒரே சிரட்டையில் இரண்டு மஞ்சள் பழங்கள்

போன வருடம் சித்திரை கழிந்து மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. கணவருக்குக் கொழும்பில் வேலை. இங்கே நானும் நாலு வயது மகளும் மட்டும்தான். அவள் ஒரு தடவை தும்மினால், ஜன்னலைத் திறந்து வைத்ததாலா, மூடி வைத்ததாலா என்று இரண்டு விதமாகவும் யோசிக்கிற ஆள் நான்.

அன்று காலை மலையிலிருந்து குழாயில் இறங்கும் பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்து மண்மேட்டில் கடை வைத்து விளையாடினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள். சிரட்டை நிறைய உருண்டை உருண்டையாக மஞ்சள் பழங்கள். அவள் வாயோரம் சாறு காய்ந்திருந்தது. நெற்றியில் நாலைந்து சிவப்புத் தடிப்பு.

அந்த மேட்டில் இரண்டு செடிகள் பின்னிப் பிணைந்து வளரும். ஒன்று சொடக்குத் தக்காளி. காகிதப் பை மாதிரி ஒரு கூட்டுக்குள் அதன் பழம் இருக்கும். பழுத்ததைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் தின்பார்கள். மற்றது முள்ளுச் செடி. இலையில்கூட முள் இருக்கும். அதன் பழம் விஷம் என்று சொல்லித்தான் இங்கே பிள்ளைகளை வளர்க்கிறோம். கூட்டை உரித்துவிட்டால் இரண்டும் மஞ்சள் உருண்டைதான்.

"முள்ளுச் செடிப் பழத்தையா தின்ன?"

"ம்."

"இல்ல, கூட்டுக்குள்ள இருந்ததையா?"

"ம்."

"எதுடி?" என்று நான் கத்தியதும் உதட்டைப் பிதுக்கினாள். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அக்கா உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். "இத ஊத்து புள்ள. எல்லாம் வெளிய வந்துரும்." கிளாஸைக் கையில் வாங்கிவிட்டேன். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று கிளினிக்கில் எப்போதோ சொன்னார்களே. அது மண்ணெண்ணெய்க்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு என்று தோன்றியது. கடைசியில் கிளாஸைக் கீழே வைத்தேன். சிரட்டையை எடுத்தேன். இரண்டு செடியிலும் ஒவ்வொரு கிளையை ஒடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

போகிற வழியில் ஒரு பழத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். மெல்லிய தோல், உள்ளே ஒரே சாறு. சொடக்குத் தக்காளிதான். அப்பாடா என்று அடுத்ததை எடுத்தேன். நகம் இறங்கவே இல்லை. சிரட்டையில் இரண்டும் கலந்து கிடந்தன.

"தம்பி, கொஞ்சம் வெரசாப் போங்க."

"அக்கா, இதுக்கு மேல போகணும்னா இதுக்கு றெக்கைதான் கட்டணும்" என்றார் ஆட்டோத் தம்பி. சொல்லிக்கொண்டே வேகத்தைக் கூட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் இருந்தார். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசினார். மகளின் கண்ணில் டார்ச் அடித்தார், நாடி பிடித்தார், நெற்றித் தடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரட்டையிலிருந்து இரண்டு விதப் பழத்தையும் எடுத்து, பிளேடால் குறுக்கே வெட்டிக் காகிதத்தில் வைத்தார்.

"பாருங்க அம்மா, ரெண்டும் ஒரே குடும்பம். தக்காளி, கத்தரிக்காய், மிளகாய் எல்லாம் இவங்க சொந்தக்காரங்க."

பார்த்தேன். இரண்டிலும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர், இரண்டு அறை. சுவரில் தடித்து நிற்கும் சதையைப் பற்றிக்கொண்டு விதைகள். ஆனால் ஒன்றில் விதையெல்லாம் சாற்றில் மிதந்தது. மற்றதில் தடித்த தோலும் பஞ்சு மாதிரிச் சதையும், நெருக்கியடித்த தட்டை விதையும். கிளைகளையும் காட்டினார். பூக்கும்போது இரண்டுக்கும் அடியில் ஐந்து பச்சை இதழ்தான். ஒன்றில் பூ உதிர்ந்த பிறகும் அது வளர்ந்து, பழத்தையே மூடிக் கூடாகிவிடுகிறது. மற்றதில் காம்போடு ஒட்டிய ஐந்து முனைத் தொப்பியாக நின்றுவிடுகிறது. புல்லி இதழ் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இதைத்தானா! எதற்கு வந்தோம் என்பதையே ஒரு நிமிடம் மறந்துவிட்டேன்.

மறுநிமிடம் பயம் திரும்பி வந்தது. வெளியே இருக்கிற பழத்தை வெட்டிப் பார்க்கலாம். வயிற்றுக்குள் போனது எது?

கடை வைத்து விளையாடியதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, டொக்டர் மகளின் முன்னால் குனிந்தார். "முதலாளி, எனக்கு ஒரு பழம் தருவீங்களா?"

காலையிலிருந்து வாய் திறக்காதவள் சிரட்டையைத் துழாவி, மெல்லிய தோல் பழம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதுவும் வேணும்" என்று டொக்டர் கெட்டியான பழத்தைத் தொட்டார்.

"அது படிக்கல்லு. சாமான் நிறுக்கிறதுக்கு."

"திங்க முடியாதா?"

"படிக்கல்லை யாராச்சும் திம்பாங்களா?" அவள் முகத்தில் டொக்டர்மேல் அப்படியொரு இளக்காரம்.

"சரி முதலாளி, நெத்தியில என்ன காயம்?"

அவள் கிளையிலிருந்து ஒரு கூட்டைப் பறித்து, வாயை இறுக்கிப் பிடித்து, நெற்றியில் அடித்தாள். பட் என்று வெடித்தது. அங்கே புதிதாக ஒரு சிவப்பு.

"இதுதான் உங்க விஷத் தடிப்பு" என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸிமார் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். சின்ன வயதில் நானும் இதே பழத்தின் கூட்டை நெற்றியில் உடைத்தவள்தான். பயத்தில் அந்த நினைப்பு எங்கே போனதோ.

இருந்தாலும் மாலை வரை அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களை அனுப்பினார்கள். சொடக்குத் தக்காளியில் பழுத்ததைத்தான் சாப்பிடலாம், காயைத் தொட வேண்டாம் என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் தக்காளி, கத்தரிக்காய், பச்சை மிளகாய் மூன்றையும் குறுக்கே வெட்டிப் பலகையில் வரிசையாக வைத்தேன். அதே சுவர், அதே அறைகள். இத்தனை வருடம் கறிக்கு நறுக்கியும் ஒரு நாளும் பார்த்ததில்லை. வீடியோ கோலில் கணவருக்குக் காட்டிக் காட்டிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுசரி, கறி வச்சியா இல்லையா?" என்றார்.

முள்ளுச் செடியை மறுநாளே வேரோடு பிடுங்கி எறிந்தோம். படிக்கல்லுக்குக் கூழாங்கல் பொறுக்கிக் கொடுத்தேன். இன்றும் அவள் வாய் எதையாவது மென்றால் என் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் கத்துவதற்கு முன் அவள் கடையில் ஒரு சாமான் வாங்கிக்கொள்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது அந்தக் கடையில்தான் கிடைக்கிறது.